டெமோ கேமும் என் ஆள்காட்டி விரலும்

கம்ப்யூட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் சூடான தூசி வாசனை ஒன்று வரும் பாருங்கள்... என் விரலில் தடவியிருந்த மருந்து நெடியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் ஆரோக்கியம் வீடு. அப்போது அவனும் நானும் அம்பத்தூரில் ஒரு பிரஸ் ஷாப்பில், மிஷினை மிதித்துத் தகரத்தில் வாஷர் வெட்டும் வேலை. ஒருநாள் தகரத்தோடு என் வலது ஆள்காட்டி விரலும் உள்ளே போய்விட்டது. விரல் தப்பியது. ஆனால் மடங்கவில்லை.

வலித்தாலும் மடக்கிப் பழகு, இல்லாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். விரல் மடங்கினால்தான் மிஷினில் இடம் என்றார் சூப்பர்வைசர். நான் என்ன செய்தேன்? வலிக்குப் பயந்து விரலை நீட்டியே வைத்திருந்தேன். யாரிடம் பேசினாலும் மிரட்டுவது போலவே இருக்கும்.

"இன்னா மச்சான், எப்பப் பாரு ஆட்டோவ நிறுத்துற மாதிரியே கீற" என்பான் ஆரோக்கியம்.

அவன் தங்கச்சி ஸ்டெல்லா கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் போயிருந்தபோது, ஏதோ புத்தகத்தோடு இலவசமாக வந்த கேம் சிடியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, "வந்து உக்காருண்ணா" என்றாள்.

அம்மாடி... மழை பெய்கிற காடு. நீலமாக மின்னும் கத்தியோடு ஒருத்தன். நான் மவுஸைத் திருப்பினால் அவனும் திரும்புகிறான். வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். வௌவால் மூஞ்சி வைத்த ஜந்துகள் மரத்திலிருந்து குதித்ததும் நாற்காலியோடு பின்னால் போனேன்.

"ஒரு க்ளிக்குக்கு ஒரு வெட்டு. அந்த வெரல்லதான் அமுக்கணும். வேற வெரல் வெச்சியோ, ஆஃப் பண்ணிடுவேன்" என்றாள்.

முதல் க்ளிக்கிலேயே வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வௌவாலுக்கு இரக்கம் உண்டா என்ன... நிறுத்தினால் செத்தேன். அமுக்கினேன்.

மூன்று நான்கு நாளில் காட்டைத் தாண்டினேன். அப்புறம் ஒரு பாலம். பாலத்தில் ஒரு கல் பூதம். அதையும் சாய்த்தால் கோட்டைக் கதவு மெல்லத் திறக்கிறது... உள்ளே மஞ்சள் வெளிச்சம்... சட்டென்று திரை கறுத்து, இங்கிலீஷில் ஏதோ எழுத்து.

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அஞ்சாங்கிளாஸோடு டூ. ஸ்டெல்லா முகத்தைப் பார்த்தேன்.

"தோத்துட்டண்ணா. இன்னும் வேகமா வெட்டிருக்கணும்." சிரிப்பே இல்லை அவள் முகத்தில்.

விடுவேனா? தினம் காலையில் ஆஜர். அவள் அம்மா வைத்த டீ பக்கத்திலேயே ஆறிப்போகும். "பூதம் சௌக்கியமா மாமே?" என்று கேட்டுவிட்டு ஆரோக்கியம் ஷிஃப்டுக்குக் கிளம்புவான்.

ஒரு மாசம் இருக்கும். மறுபடியும் அதே கதவு, அதே கறுப்பு. வந்த கடுப்பில் மேசையைக் குத்தினேன். குத்திய பிறகுதான் பார்த்தேன்... கை முழுசாக மூடியிருந்தது.

ஸ்டெல்லா அப்போதுதான் சிரித்தாள். "இது டெமோண்ணா. சும்மா சாம்பிள். கதவுக்கு அப்பால இதுல ஒண்ணுமே கெடையாது. நீ மொத வாரமே ஜெயிச்சிட்ட."

"அடிப்பாவி, இவ்ளோ நாளா ஏமாத்திகினா இருந்த?"

"சொல்லிருந்தா மறுநாள் வந்திருப்பியா நீ?"

வந்திருக்க மாட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை மிஷினில் உட்கார்ந்தேன். அந்த வேலையில்தான் கல்யாணம், காட்டுப்பாக்கத்தில் குடித்தனம், பொண்ணு படிப்பு... எல்லாமே.

போன வாரம் என் பொண்ணு லேப்டாப்பில் ஒரு புது டெமோ போட்டாள். குதிரையின் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகப் பறக்கிறது. பத்து நிமிஷம் ஆடினாள். "சுமார்தாம்பா" என்று அழித்துவிட்டாள். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். டெமோ என்று படித்துத் தெரிந்துகொண்டுதான் ஆடுகிறாள். எனக்கு அந்த ஒரு காடுதான் முழு கேமும். ஒவ்வொரு மரமும் மனப்பாடம்.

மனசு கேட்காமல் ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன். இப்போது ஓசூரில் டீச்சர். காடு, பூதம் என்று நான் பாட்டுக்கு அளந்துகொண்டே போக, நடுவில் நிறுத்தினாள்.

"அத வுடுண்ணா. வெரல் நல்லா மடங்குதா?"

மடங்குதும்மா என்றேன். நம்பவில்லை. வீடியோ காலில் கையை மூடிக் காட்டச் சொன்னாள்.

காட்டினேன்.