கனடாவில் செய்த முழங்கால்

போன வெள்ளிக்கிழமை என் தங்கையை நான் தரையில் உட்கார வைத்தேன். இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? சொல்கிறேன். சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

அன்று அம்மாவின் திவசம். சண்டிலிப்பாயில் எங்கள் வீடு நிறையச் சொந்தங்கள். கனடாவிலிருந்து தங்கை வசந்தியும் வந்திருந்தாள். அவளுக்கு அங்கே முழங்கால் மாற்று ஒப்பரேசன் நடந்த கதை ஊருக்கே தெரியும். எப்படித் தெரியும்? வேறு யார், நான்தான்! சந்தையில், பஸ்ஸில், சலூனில்... 'கனடாவில் செய்த முழங்கால்' என்று அவள் காலுக்கு நான் விளம்பரமே செய்துகொண்டிருந்தேன்.

படையல் முடிந்து பந்திக்கு இலை போட்டாயிற்று. எல்லோரும் தரையில் சம்மணமிட்டு உட்கார, வசந்தி மட்டும் மெல்லிய குரலில் என் மனைவியிடம் கதிரை கேட்டாள். அது என் காதில் விழுந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"என்ன வசந்தி, அம்மாவின்ரை திவசத்திலையும் உனக்குக் கதிரையோ? வெள்ளைக்காரியாகிட்டியோ? கனடாவிலை போட்ட முழங்கால் மடங்காட்டி, வேறை எது மடங்கும்?"

பந்தி முழுவதும் சிரித்தது. கதிரை எடுக்கப் போன மனைவி நின்றுவிட்டாள். நல்ல பகிடி விட்ட திருப்தி எனக்கு.

வசந்தியும் சிரித்தபடியே சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். ஒரு காலை மடக்கினாள். மற்றதை மடக்கப் பார்த்து... பல்லைக் கடித்துக்கொண்டாள். சோறு பாதி இலையிலேயே கிடந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழும்பியும் அவளால் எழும்ப முடியவில்லை. இரண்டு பெண்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அப்போது அவள் போட்ட சத்தத்தில், முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

அறையில் என் மனைவி அவளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"ஒப்பரேசன் பிழைச்சுப் போச்சோ?" என்றேன்.

"பிழையெண்டில்லை அண்ணை. என்ரை எலும்பு ஒடுக்கமாம். அவையளிட்டை இருந்த செயற்கை மூட்டுகளிலை ஆகச் சின்னனைத்தான் போட்டவை. எண்டாலும் ஓரத்திலை ஒரு சொட்டு வெளியிலை நிக்குதாம். மடக்கினால் சதையிலை உரசுது. கீழை இருக்க வேண்டாமெண்டுதான் சொன்னவை."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள்தான் ஊரெல்லாம் என்ரை முழங்காலைப் பற்றிப் புழுகிக்கொண்டு திரியிறியள். பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

முற்றத்துக்கு வந்து, தெரிந்த எலும்பு டொக்டர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். அவர் ரெடிமேட் சேர்ட்டை வைத்து விளங்கப்படுத்தினார்.

"கழுத்துக்குச் சரியா எடுத்தால் தோள் தொங்குமெல்லோ, அப்பிடித்தான். கனகாலமா உந்தச் செயற்கை மூட்டு அளவுகள் கூடுதலா வெள்ளைக்காரரின்ரை எலும்பைப் பாத்துத்தான் வந்தது. எங்கடை ஆக்கள் கனபேருக்கு நீளம் பொருந்தினால் அகலம் மிஞ்சும். இப்ப ஒடுக்கமான அளவுகளும் வருது. எண்டாலும் ஒண்டு... நல்லாப் பொருந்தின காலையும் நிலத்திலை இருத்திப் பாக்கிறது புத்தியில்லை."

கனடா வசந்திக்குப் பாஸ்போர்ட் கொடுத்தது. எலும்பு மட்டும் சண்டிலிப்பாயை விடவில்லை. அங்கே அளவு பார்த்தவர்களுக்கு அவள் எங்கள் ஊர்க்காரி. இங்கே வந்தால், கூடப் பிறந்த நான் வெள்ளைக்காரி என்கிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை இப்படித்தான் நாம்... சரி, நாம் என்ன நாம்? நான்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பின்னேரம் அவளுடைய அறைக்குப் போனேன். நான் வாயெடுக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணை, அம்மாவின்ரை திவசத்திலை எல்லாருக்கும் கரைச்சல் குடுத்திட்டன், என்ன? குறை நினையாதேங்கோ."

நாலு வார்த்தை ஏசியிருந்தால் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன்.