இடது காது, வலது காது

கோவில்பட்டியில் எனக்குப் பலசரக்குக் கடை. எட்டயபுரம் போகிற பாதையில் கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. சித்திரை பிறந்துவிட்டால் அந்த நிலத்தில் கிடை போட ஆட்டுக்காரி ராதாமணியைத்தான் தேடிப் போவேன். பகலெல்லாம் மேய்ந்த செம்மறிகளை ராத்திரி நிலத்திலேயே வலை கட்டி அடைத்துப்போட்டால், விழுகிற புழுக்கையும் மூத்திரமும் அந்த வருஷத்துப் பருத்திக்குப் போதும். மூட்டை உரம் போட்டவன் வெள்ளாமையும் கிடை போட்டவன் வெள்ளாமையும் ஒன்று என்று சொல்பவனோடு எனக்குப் பேச்சே கிடையாது.

ஆனால் அந்த அம்மாளிடம் பேசி முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவன். என்னையே வெயிலில் நிற்கவைத்துவிடுவாள்.

"அண்ணாச்சி, ஒங்க நெலம் மேட்டுல கெடக்கு. ஆடு தண்ணிக்கு எம்புட்டுத் தூரம் போகும்? ஊருணிப் பக்கத்துல உள்ளவியளுக்குப் போட்டுட்டு வாரேன்."

"நான்தானம்மா மொதல்ல சொன்னேன்?"

"சொன்னிய. ஆட்டுக்குக் கேக்கலியே."

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் வந்தது. வந்து என்ன செய்ய? காத்திருந்துதான் கிடை போட்டேன். இது இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துப் பேச்சு. அதற்கு முந்தின வருஷங்களில் மழை சரியாக ஏமாற்றிவிட்டது. எத்தனையோ பேர் ஆட்டை விற்றுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார்கள். ராதாமணி மட்டும் கடம்பூர்ப் பக்கம், குளத்தூர் உப்பளத்து ஓரம் என்று வேலிக்கருவேலங்காய் உதிர்ந்து கிடந்த இடமெல்லாம் ஓட்டிக்கொண்டுபோய் மந்தையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தாள். "பஞ்சமா? ஆடு பாக்காத பஞ்சமா அண்ணாச்சி?" என்றாள். அவளுக்கு அந்தத் தெம்பு எப்போதும் உண்டு.

அதற்கும் முன்னால், அப்படிப்பட்டவள் கையை விட்டு அந்த மந்தை ஒருமுறை போகப் பார்த்தது. நானும் அந்த இடத்தில் இருந்தேன் என்பதால் சொல்கிறேன்.

ராதாமணி வேம்பூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்தின்போது அவள் அப்பா சீராகச் செம்மறிப் பெட்டைகளை ஓட்டி அனுப்பினார். வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த ஆடுகள். மாமனார் வீட்டு ஆடுகளோ செவலை, அடிவயிறு கறுப்பு. ஆட்டுக்காரர்கள் குட்டியின் காதில் கத்தி வைத்து அடையாளம் போடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வெட்டு. அவள் அப்பா வீட்டுக்கு வலது காதில் நுனி வெட்டு, மாமனார் வீட்டுக்கு இடது காதில் பிளவு. எத்தனை மந்தை கலந்து மேய்ந்தாலும் காதைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். பெண் கொண்டுவந்த ஆட்டுக்குப் பிறக்கிற குட்டிக்குப் பெண் வீட்டு வெட்டுத்தான் போட வேண்டும். அது அவளுடைய சொத்து. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறினதும் இல்லை.

மீறினவன் அவள் புருஷன் நந்தகோபால். அதிலும் அவன் சாதாரண ஆள் இல்லை. காது வெட்டுவதில் அவன் கைக்குச் சுற்றுப்பட்டில் தனிப் பேர். குட்டிக்குக் காட்டாமல் கத்தியை எடுப்பான். அது கத்துவதற்குள் வேலை முடிந்துவிடும். பத்துப் பதினைந்து ஊரிலிருந்து அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கைதான் ராதாமணி ஆட்டின் குட்டிகளுக்கும் இடது காதிலேயே வெட்டியது. அவள் கேட்டதற்கு, "நீயே இந்த வீட்டுக்காரிதான், குட்டி மட்டும் வேற வீடா?" என்று சிரித்தான். புதுப் பெண்ணுக்குக் கேட்க இனிப்பாகத்தானே இருக்கும்? விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றாறில் மாமனார் காலமானார். மூத்த மகன் ஹரிகிருஷ்ணன் கோவில்பட்டி லாரி செட்டில் இருந்தவன். சொந்தமாக லாரி வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தன் பங்கைப் பிரித்துக் கேட்டான். இடது காது வெட்டெல்லாம் பொது, சரிபாதி தரவேண்டும் என்றான். அப்படிப் பிரித்தால் ராதாமணி பக்கம் மிஞ்சுவது கிடை போடப் போதாது. கொஞ்ச ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் எந்த நிலத்துக்காரன் கூப்பிடுவான்? நானே கூப்பிட மாட்டேன். அப்புறம் அதையும் விற்றுவிட்டுத் தீப்பெட்டி அடைக்கப் போக வேண்டியதுதான்.

ஊர்ப் பொட்டலில் ஆடுகளை நிறுத்திப் பேசினார்கள். அவர்கள் ஆட்களில் பெரியவர் தங்கச்சாமிக் கோனார் முன்னால் உட்கார்ந்திருந்தார். செத்துப்போனவருக்குச் சிநேகிதன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இதுல பேச என்ன இருக்கு? காதே சொல்லுது" என்றான் ஹரிகிருஷ்ணன்.

ராதாமணி கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். "காதை விட்டுட்டு ஒடம்பைப் பாருங்க அத்தான். அந்தப் பொட்டு யாரு வீட்டுப் பொட்டு?"

"கெடா எங்க வீட்டுக் கெடாதான?"

"கெடாவா பால் குடுத்துச்சு?"

கூட்டம் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. தங்கச்சாமிக் கோனார் மட்டும் சிரிக்கவில்லை.

"பொட்டை நம்பிப் பிரிக்க முடியாதும்மா. கலந்து பொறந்ததுல பாதி செவலையாத்தான் கெடக்கு. காதை நம்பலைன்னா நாம எதை நம்பி மந்தை ஓட்ட? வெட்டு தப்புன்னா வெட்டுனவன் வாயால சொல்லணும்."

எல்லோரும் நந்தகோபாலைப் பார்த்தார்கள். அவர்கள் ஆட்களுக்குத் தப்பு வெட்டும் ஆட்டுத் திருட்டும் ஒன்றுதான். அவன் வாயைத் திறந்தால் அதோடு அவன் பேர் போயிற்று. பிறகு எந்த வீட்டிலும் அவன் கையில் குட்டியைக் கொடுக்க மாட்டார்கள். போதாததற்குக் கூடப்பிறந்த அண்ணனுக்கு எதிராகச் சொல்ல வேண்டும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் பிழைப்பு இவன் ஒரு வார்த்தையில் தொங்குகிறது, இப்படி மரமாக நிற்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் தப்பா வெட்டுனேன்" என்றான் கடைசியில். "வலது காதுல வெட்டிருக்கணும். தெரிஞ்சேதான் எடது காதுல வெட்டுனேன்."

"ஏலே, சொந்த வீட்டுலயே கள்ள வெட்டு வெட்டுனவன்னு ஊர் சொல்லும்லே!" என்று கத்தினான் ஹரிகிருஷ்ணன்.

"சொல்லட்டும்ணே. பொட்டு இல்லாமப் பொறந்ததும் எது எதுன்னு எனக்குத் தெரியும். பிரிச்சுக் காட்டுதேன்."

மந்தைக்குள் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடித்து அவள் பக்கம் தள்ளினான். ராதாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மிச்சத்தைத்தான் அண்ணன் தம்பி பங்கு பிரித்தார்கள். ஹரிகிருஷ்ணன் தன் பங்கை எட்டயபுரம் சந்தையில் விற்றுவிட்டுப் போனான். ராதாமணியின் கிடை கலையாமல் நிலைத்தது.

நந்தகோபாலை அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. எதிரே வந்தால்கூட ஆட்டுக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசிவிட்டு நகர்ந்தார்கள். அவனும் கத்தியைத் தொடுவதை விட்டுவிட்டான்.

அந்தக் கார்த்திகையில் என் நிலத்துக்கு அருகே தரிசில் கிடை இருந்தபோது ஆடுகள் குட்டி போட்டன. காது வெட்டுகிற அன்றைக்குத் தங்கச்சாமிக் கோனாரே கத்தியோடு வந்திருந்தார். நந்தகோபால் மேய்ச்சலுக்கு என்று சொல்லி நழுவப் பார்த்தான்.

"எங்க போறிய? நில்லுங்க" என்றாள் ராதாமணி. ஒரு குட்டியைத் தூக்கி அவன் மார்போடு வைத்தாள். "மாமா, ஒங்க கத்திய வச்சிருங்க. என் ஆட்டுக்கு இவியதான் வெட்டணும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குட்டியின் காதைத் தடவினான். "வலது காதுதான?" என்றான்.

"ரெண்டுலயும் வெட்டுங்க."

"ரெண்டுலயுமா? எதுக்கு?"

"வலது காது எனக்கு, எடது காது ஒங்களுக்கு. இனிமே எவன் பிரிக்க வருதான்னு பாப்போம்."

நந்தகோபாலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கை பழைய கைதான். குட்டி கத்துவதற்குள் இரண்டு காதும் முடிந்திருந்தது. தங்கச்சாமிக் கோனார் அந்தக் குட்டியை வாங்கி இரண்டு காதையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். தன் கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏலே நந்தகோபாலு, இங்கன முடிச்சிட்டு நம்ம கெடைக்கும் வந்துருல" என்றார்.