மூடி போட்டவள்

இன்றும் என் கண்ணில் நிற்பது ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் மூடிதான். அடையாறில் ஓர் ஆய்வகத்தில் நான் உதவியாளர். படித்தது பத்தாவது, மற்றதெல்லாம் கேட்டும் பார்த்தும் கற்றது. அங்கே ஆராய்ச்சிக்கு வந்த பெசன்ட் நகர்ப் பெண், சூரிய ஒளியில் மின்சாரம் தரும் பிளாஸ்டிக் படலம் செய்தாள். சுழலும் கண்ணாடித் துண்டில் மைபோன்ற கரைசலைச் சொட்டினால், தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய படலம் படியும். ஏசி காற்றில் தூசி விழுகிறதென்று, ஈரம் காய்வதற்குள் அந்த மூடியை மேலே கவிழ்த்து வைப்பாள். "ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்க மாட்டோமாண்ணே?" என்பாள். படலம் கத்தரிப்பூ நிறத்தில் காயும். மின்சாரமும் நன்றாக வரும்.

அவளுடைய பேராசிரியர் அந்த அளவுகளை நம்பவில்லை. தூசியே இல்லாத புது அறையில், தன் கண்ணெதிரே செய்யச் சொன்னார். தூசி இல்லாத இடத்தில் மூடி எதற்கு? அவள் போடவில்லை, குறிப்பேட்டிலும் அதை எழுதியிருக்கவில்லை. படலம் நொடியில் காய்ந்து செம்பழுப்பாக நின்றது. மின்சாரம் பாதிகூட வரவில்லை.

"நம்பரை நீயே எழுதிக்கிட்டியாம்மா?" என்றார், எல்லோர் முன்னும். அந்த வாரமே ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார். ஒரு பெண்ணின் நான்கு வருட உழைப்பு, ஒரே கேள்வியில்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய், "சார், அது மூடி போட்டுக் காயவெச்சது" என்றேன்.

"நீங்க கிளாஸ் கழுவுற வேலைய பாருங்க" என்றார்.

கழுவினேன். ஆனால் அடுத்த மாதமே அவருடைய மற்ற மாணவர்கள் மூடி போட்டார்கள். மெதுவாகக் காய்ந்தால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன, மின்சாரத்துக்கு வழி கிடைக்கிறது என்று அவர் மேடையேறி விளக்கினார். என் வாயிலிருந்து போன சேதி. கைதட்டல் அவருக்கு. அவள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. திருடனைக்கூட மன்னிக்கலாம்; பறிகொடுத்தவளைப் பொய்க்காரி என்றவரை எப்படி மன்னிப்பது?

போன வாரம் மயிலாப்பூர்க் குளக்கரை பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். பள்ளியில் பாடம் நடத்துகிறாளாம். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் பொய் சொல்லலன்னு சாருக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்மா. அப்பவே தெரியும்."

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"அப்புறம் ஏன்ணே என்னைக் கூப்பிடல?"