கேசிங் போதும் அண்ணா

1. சேர்ந்த அன்று

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் லாரி ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் போன் எடுத்தவள் நான். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். வடக்கே பல மாநிலங்களில் போர்வெல் போடும் எங்கள் வண்டிகளிலிருந்து காலை பத்து மணிக்கு ரிப்போர்ட் வரும். ஓட்டியது எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை இஞ்ச். மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நாளே முதலாளி எச்சரித்தார். "பத்து வண்டிம்மா. ஒருத்தன் போனைப் புடிச்சுக்கிட்டா ஒம்பது பேரு காத்திருக்கோணும். கேசிங் எறக்க உட்டறாதீங்க."

எனக்குப் புரியவில்லை. பக்கத்து சீட்டு சுகுமார்தான் விளக்கினார். பாறை வரும்வரை மேல்மண் சரிந்துவிடாமல் இறக்குகிற குழாய் கேசிங். விஷயத்துக்கு வருமுன் ஒருவர் இழுக்கிற பேச்சுக்கும் எங்கள் ஆபீசில் அதே பெயர்.

2. எங்கள் அகராதி

இன்னும் சில உண்டு. வாய் ஓயாமல் அளந்துவிட்டு உருப்படியாக ஒன்றும் சொல்லாதவர் 'புழுதி'. எதைக் கேட்டாலும் 'ம்' என்று மட்டும் சொல்பவர் 'கருங்கல்'. இதில் பாதி நான் கட்டிய பெயர்கள். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஆபீஸ் சிரித்தால் தலைகால் புரியாது.

மாரப்பண்ணனுக்கு 'இருநூறு அடி' என்று பேர் வைத்ததும் நான்தான்; பேச்சில் அவ்வளவு கேசிங் இறக்குவார். சத்தீஸ்கரில் ஒரு வண்டிக்கு டிரில்லர். ஊர் சங்ககிரிப் பக்கம். சாப்பிட்டீர்களா என்று ஆரம்பிப்பார். ஊரில் மழையா, முதலாளிக்குச் சளி தேவலையா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடிக்கணக்குக்கு வருவார். அவர் நம்பர் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவோம். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

3. அந்தப் போன்

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார். "அக்கா, சாப்டீங்களா? இங்க வெயிலு ஆளைக் கொல்லுதுங்க. நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கமில்லீங்க. அங்க ஊர்ப்பக்கம்..."

"கேசிங் போதும் அண்ணா. அடியச் சொல்லுங்க" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"அறநூத்தி நாப்பதுங்க. கேசிங் அறுவது. தண்ணி ரெண்டிஞ்சு."

சொல்லிவிட்டு உடனே வைக்கவில்லை. வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். கேட்ட தோரணையிலேயே இல்லை என்ற பதிலும் இருந்தது. "ஒண்ணுமில்லீங்க, வெச்சர்றனுங்க" என்றார்.

மத்தியானம் அந்த வண்டியின் டிரைவர் கூப்பிட்டார். மாரப்பண்ணன் ரிக்கின் ஓரமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. முந்தின நாளிலிருந்தே இடது தோளில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆபீசில் கேட்டு லீவு போட்டு ஊருக்கு வரத்தான் காலையில் போனை எடுத்தாராம்.

4. அவர் மனைவி

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். கையில் அவருடைய செல்போன். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"கடைசியா உங்ககிட்டத்தானுங்க பேசியிருக்காரு. செல்லுல இருக்குது. என்னங்க்கா சொன்னாரு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

என்னிடம் இருந்தது மூன்று எண்கள். நோட்டைத் திறந்து காட்டவா முடியும்? வெயில் என்றார், தூக்கமில்லை என்றார் என்று சொன்னேன். அப்புறம் என்று கேட்டார். அப்புறம் நான் பேச விடவில்லை என்ற உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நேரா எதையுஞ் சொல்ல வராதுங்க அவருக்கு. எங்கிட்டயும் ஆடு, மழை, பக்கத்து ஊட்டுக் கதைன்னு சுத்துவாரு. நான் பேசாமக் கேட்டுட்டிருப்பனுங்க. கடைசில சொல்லீருவாரு. இன்னும் ரெண்டு வார்த்தை உட்டிருந்தா உங்ககிட்டயும் சொல்லீருப்பாருங்க."

அதற்குப் பிறகு நான் யார் பேச்சையும் வெட்டவில்லை. முதலாளி கடிந்தார், ஒன்பது வண்டிகள் காத்திருந்தன, காத்திருக்கட்டும் என்று விட்டேன். இப்போது ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறதாம், வேலை சுளுவு. ஆனாலும், என் சீட்டில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்ணே, யாராவது கூப்பிட்டு சாப்பிட்டீர்களா என்று ஆரம்பித்தால், சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் சொல்லி முடிக்கிறவரை காதைக் கொடு. நான் கொடுக்கவில்லை.