கிரேனைப் பிடுங்கியவள்

என் நாத்தனாரை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. கூடப்பிறந்த தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போட்டவள், அவன் ஓட்டின கிரேனைப் பிடுங்கியவள் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். அதனால் நான் நாத்தனாரோடு, நான் கூப்பிடுகிற முறையில் அண்ணியோடு, பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது தெருவின் எதிர்பார்ப்பு. நானோ அண்ணி லீவில் வந்தால் முதல் ஆளாக வாசலில் நின்று பையை வாங்கிக்கொள்கிறேன். எனக்குக் கோபமே இல்லையா என்றால், வண்டி வண்டியாக இருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

அண்ணி நர்ஸ். கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் எண்ணெய் ரிக்கில் வேலை. என் வீட்டுக்காரர் அதே ரிக்கில் கிரேன் ஓட்டினார், தெருவின் மற்ற ஆண்களுக்கும் அங்கேதான் வேலை. படகில் வருகிறவர்கள் ரிக்கின் மேல்தளத்துக்கு ஏணியில் ஏறுவதில்லை. கயிற்றால் பின்னிய கூடை ஒன்று உண்டு. அதன் விளிம்பில் நின்று கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், கிரேன் அவர்களை அலைக்கு மேலே தூக்கிக்கொண்டுபோய்த் தளத்தில் இறக்கும். படகு ஒரு பக்கம் ஆடும், கூடை ஒரு பக்கம் ஆடும். கிரேன்காரர் தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தால் கால் போகும், சமயத்தில் ஆளே போய்விடுவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெரு இதை வசதியாக மறந்துவிட்டது.

ரிக்குக்குப் போவதற்கு முன்னால் அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் இருந்தார். கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், ஒரே ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். "அங்க வர்ற எல்லாரும் ஒரே வார்த்தையத்தான் சொல்லுவாங்க. திடீர்னு ஆயிடுச்சு சிஸ்டர்ம்பாங்க. ஒண்ணும் திடீர்னு ஆகல. ஒரு மாசமா லூசா இருந்த போல்ட்டு அன்னிக்குக் கழண்டிருக்கும், அவ்வளவுதான்" என்பார். அடிபட்டு வருகிறவர்களைத் தைத்துத் தைத்து அலுத்துப்போய், அடிபடுகிற இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வாய் கொஞ்சம் நீளம்தான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படிக்குள் நுழைந்து காஸ் ட்யூபை வளைத்துப் பார்ப்பார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், திரைச்சீலை மாட்டுவதற்காக நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டு, "விழுந்தா உன் மாமியார் பாத்துக்க மாட்டாங்க, நான்தான் பாத்துக்கணும். எனக்கு அவ்வளவு லீவு கிடையாது" என்றார். மாமியார் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். புது மருமகள் என்பதையும் மறந்து நான் சிரித்துவிட்டேன். ரிக்கில் அவருக்கு ஸ்டாப்பம்மா என்று பெயர். எதைக் கண்டாலும் ஸ்டாப் சொல்லிவிடுவாராம்.

அந்த ரிக்கில் பாதுகாப்புக்குக் குறைச்சலே இல்லை, சுவர் முழுக்க இருந்தது. தினமும் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்து, "பாதுகாப்பே என் மூச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். மூன்று மாதத்துக்கு அடிபட்டு யாரும் கரைக்குப் போகவில்லை என்றால், குடும்பத்தோடு பெரிய ஹோட்டலில் விருந்து, ஆளுக்கொரு சூட்கேஸ். எங்கள் பரணில் அதில் நான்கு கிடக்கின்றன. மூடியில் 'பத்திரமாக வீடு திரும்புவோம்' என்று அச்சடித்திருக்கும். நாங்கள் எங்கேயும் ஊர் சுற்றுகிற குடும்பம் இல்லை என்பதால் ஒன்றில் பழைய பாத்திரங்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

கேட்க நல்ல ஏற்பாடுதான். யோசித்துப் பார்த்தால்தான் வயிறு எரியும். ஒருவருக்கு அடிபட்டுக் கரைக்கு அனுப்பினால் அத்தனை பேருடைய விருந்தும் சூட்கேஸும் போச்சு. அதனால் அடிபட்டவர் குற்றவாளி ஆகிவிட்டார். விரல் நசுங்கினால் கையுறைக்குள் போய்விடும், சூடு பட்டால் முழுக்கைச் சட்டைக்குள் போய்விடும். மறைக்கச் சொல்லி மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய வேலையே அவருக்கு வரவில்லை, கூட வேலை பார்க்கிறவர்களே கவனித்துக்கொண்டார்கள்.

அப்படி மறைத்ததில்தான் கிரைண்டர்காரருக்குக் கண் போயிற்று. இரும்பில் துருவைத் தேய்த்து எடுப்பது அவர் வேலை. அவருடைய பாதுகாப்புக் கண்ணாடி கீறல் விழுந்து ஒன்றுமே தெரியாமல் போய், கழற்றி வைத்துவிட்டு வேலை செய்திருக்கிறார். புதுக் கண்ணாடி கேட்டதற்கு இன்னும் வரவில்லை என்று ஸ்டோரில் சொல்லிவிட்டார்கள். அதே ஸ்டோரில் அடுத்த தவணை சூட்கேஸ்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. இதை அண்ணி தன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

சாப்பாட்டு அறையில் ஒருநாள் அந்தக் கிரைண்டர்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கெட்டிலிலிருந்து டீ ஊற்றினார். டீ கோப்பைக்குப் பக்கத்தில் மேஜையில் விழுந்தது. மறுபடி ஊற்றினார், மறுபடியும் மேஜைதான். பக்கத்திலிருந்தவர் சட்டென்று கோப்பையை டீ விழும் இடத்துக்கு நகர்த்திவிட்டு என்னவோ ஜோக் சொல்ல, மேஜையே சத்தமாகச் சிரித்தது. அண்ணி எழுந்து போய் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் பாய்ந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

அண்ணி ஹெலிகாப்டர் கேட்டார். இன்னும் இரண்டு நாளில் படகு வருகிறது, சாதாரண லீவு போல அதில் போகட்டும், வீட்டுக்குப் போய் டாக்டரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் மேனேஜர். அதில் கூட எனக்கு ஆச்சரியமில்லை. என் வீட்டுக்காரரே போய், "ரெண்டு நாள்தானேக்கா. அவரே பொறுத்துக்கறேங்கறாரு, நீ ஏன் குதிக்கற?" என்று கேட்டிருக்கிறார். கிரைண்டர்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம் சிஸ்டர், என்னால எல்லாருக்கும் போயிடும்" என்றாராம். அண்ணி ரேடியோ அறையில் போய் உட்கார்ந்தவர், ஹெலிகாப்டர் வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. உடனே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அதற்கு எங்கள் தெரு என்ன சொன்னது தெரியுமா? எப்படியும் போகப்போன கண், அதுக்காக சூட்கேஸையும் சேத்துப் போக்கடிச்சிட்டாளே என்றது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இதை என் காதுபடச் சொன்னார்கள்.

கண் போன விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போனதும் அவர்களுக்கு உதறல் எடுத்துவிட்டது. ரிக்கில் பாதுகாப்புப் பழக்கத்தை வளருங்கள் என்று உத்தரவு வந்தது. மேனேஜர் காலைக் கூட்டத்தை அண்ணி தலையில் கட்டிவிட்டுக் கழன்றுகொண்டார். அண்ணி முதல் நாளே நெஞ்சில் கை வைக்கிற கூத்தை நிறுத்தினார். மேஜையில் ஒரு கெட்டிலையும் கோப்பைகளையும் வைத்து, ஆளாளுக்கு ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு டீ ஊற்றச் சொன்னார். ஒவ்வொருவரும் மேஜையிலும் செருப்பிலும் ஊற்றிக்கொண்டு கெக்கே பிக்கே என்று சிரித்தார்கள்.

"சிரிங்க. அவரு வீட்டுல இப்ப தினமும் இப்படித்தான் ஊத்தறாரு. அங்க யாரும் சிரிக்கல" என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். கெட்டில் மூக்கைக் கோப்பை விளிம்பில் மெல்லத் தொட்டு வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி தட்டவில்லை. கண்ணை நம்ப முடியாமல் கையால் தொட்டு உறுதி செய்துகொள்கிற அந்தப் பழக்கம் ஒரே நாளில் வருகிறதில்லை என்று அவருக்குத் தெரியும். வீட்டிலும் இவர் அப்படித்தான் ஊற்றுவார். நான் அதைப் பக்குவம் என்று நினைத்து, என் வீட்டுக்காரர் ஊற்றினால் மேஜை துடைக்கவே வேண்டாம் என்று தெருவெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன்.

மறுநாள் இவருக்கு லீவு. வழக்கமாக இவர் லீவு முடிந்து ரிக்குக்குத் திரும்பிய பிறகுதான் அண்ணிக்கு லீவு வரும், அதனால் கூடையில் அவரை ஏற்றி இறக்குவதெல்லாம் இவர்தான். அந்தத் தடவை அண்ணி லீவை மாற்றிக்கொண்டு தம்பியோடு கூடவே வந்து, எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், இவகிட்ட நீயே சொல்லு" என்றார்.

இவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிரேனின் கம்பி வடம் பிரிந்து ஒரு இழை இடது கண்ணில் சுளீரென்று அடித்திருக்கிறது. அப்போது சூட்கேஸ் தவணை முடிய ஒரு வாரம் இருந்தது. விஷயம் தெரிந்தது சிக்னல்காரருக்கு மட்டும். கீழே தளத்தில் நின்று வாக்கிடாக்கியில் இறக்கு, நிறுத்து, வலது பக்கம் என்று கிரேனுக்குச் சொல்லுகிறவர் அவர். நீ மறைத்துக்கொள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர்தான் தைரியம் கொடுத்திருக்கிறார். நாளாக நாளாக அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது. வருஷா வருஷம் கரையில் நடக்கும் கண் பரிசோதனையில் நல்ல கண்ணைப் பொத்தச் சொன்னால், விரல் இடுக்கு வழியாகப் பார்த்துப் படித்துவிடுவாராம். இரண்டு வருஷமாக என்னிடமும் வாயைத் திறக்கவில்லை.

"உன்னைத் தூக்கறப்ப மட்டும் ரொம்ப நிதானமா தூக்குவேன்க்கா" என்றார் இவர், ஏதோ சமாதானம் சொல்கிற மாதிரி.

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்போ மத்தவங்கள?"

இவர் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டார். அந்த நிமிஷம் தாலி கட்டியவர் மேல் வந்த கோபம் போல எனக்கு யார் மேலும் வந்ததில்லை.

"கிளம்பற நாள் காலை வரைக்கும் பாக்கறேன்" என்றார் அண்ணி. "நீயே மேனேஜர்கிட்ட சொல்லு. நான் சொன்னா இன்னும் நாலு பேரு என்கிட்ட மறைப்பாங்க. நீ சொன்னா நாலு பேரு வாயத் திறப்பாங்க."

லீவு முழுக்க இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்பார். பிள்ளை படிப்பு என்ன ஆகும் என்று என் மேல் பாய்வார். கிளம்பும் நாள் காலையில் பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். அதுவும் அந்தச் சூட்கேஸில். பத்திரமாக வீடு திரும்புவோம் என்கிற மூடி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. போனை எடுத்து நீட்டினேன்.

"நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?"

இவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் பேசினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் மேனேஜரிடம் சொன்னேன். எந்தக் கண் என்று அவர் கேட்கவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "இது வேற யாருக்காவது தெரியுமாம்மா?" என்பதுதான்.

"தெரியும் சார். உங்க நர்ஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கூடையில ஏறப்போற எல்லாருக்கும் இன்னும் கொஞ்ச நேரத்துல தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

படகுத்துறையில் காத்திருந்தவர்களிடம் அண்ணி அன்றைக்கே விஷயத்தைப் போட்டு உடைத்தார். அதனால் மேனேஜரிடம் போட்டுக்கொடுத்ததும் அவர்தான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று துடித்தேன். "என் மேலயே இருக்கட்டும் விடு. நீ அந்தத் தெருவுல குடியிருக்கணும். எனக்கென்ன, நான் பாதி நாள் கடல்ல இருக்கேன்" என்று தடுத்துவிட்டார்.

இவருக்கு இப்போது கரையிலுள்ள ஸ்டோரில் வேலை, வருகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எடுத்துக் கொடுக்கிறார். அக்காவோடு பேசுவதில்லை. சூட்கேஸ் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சின்னக் கீறல் என்றாலும் ஆட்கள் அண்ணியின் அறைக் கதவைத் தட்டுகிறார்களாம். ஆனால் சாப்பாட்டு அறையில் அவர் மேஜைக்கு இன்னும் ஒருவரும் வருவதில்லை. கட்டுப்போட மட்டும் கையை நீட்டுகிறார்கள், சாப்பிடும்போது முதுகைக் காட்டுகிறார்கள். போன வாரம் லீவில் வந்த அண்ணி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று மளிகைக் கடையில் கூட்டம். சிக்னல்காரரின் மனைவி முன்னால் நின்றிருந்தாள். யாரோ அண்ணியைப் பற்றி ஆரம்பிக்க, "கூடப்பிறந்தவ செய்யற வேலையா அது?" என்றாள் அவள். நான் பையைக் கீழே வைத்தேன்.

"மேனேஜருக்குப் போன் பண்ணினது நான். கிரேனைப் பிடுங்கினது நான். இனிமே திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்றேன். மேனேஜர் கேட்ட கேள்வியையும் சேர்த்தே சொன்னேன். கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் வாங்க வந்ததை வாங்காமலே கிளம்பினேன்.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே சிக்னல்காரர் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் தயாராகத் திரும்பினேன்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது" என்றாள்.

"எந்தக் காது?"

"ரெண்டும்தான். கம்ப்ரசர் மெஷின் இரைச்சல்லயே நின்னு நின்னு போயிடுச்சு. மூணு வருஷமாவே இப்படித்தான், எதிர்ல நின்னு பேசினா உதட்டப் பாத்துச் சமாளிச்சுக்குவாரு. வாக்கிடாக்கியில யாரு என்ன கேட்டாலும் சரி சரிங்கறாரு. வீட்டுலயும் அப்படித்தான், நான் திட்டினாலும் சரிங்கறாரு."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கண் தெரியாதவர் தூக்க, காது கேளாதவர் வழிகாட்ட, இரண்டு வருஷம் எங்கள் அண்ணி அந்தக் கூடையில் போய் வந்திருக்கிறார். அவர் மட்டுமா, இந்தத் தெருவின் ஆண்கள் அத்தனை பேரும். சிக்னல்காரர் இன்னும் அதே தளத்தில்தான் நிற்கிறார். நாளைக்குப் படகு, அண்ணி அதில் போகிறார்.

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிடுங்கக்கா" என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து, நம்பரைப் போட்டுப் போனை அவள் கையில் கொடுத்தேன். "நீ பேசு. வேற யாருக்காவது தெரியுமான்னுதான் முதல்ல கேப்பாரு. தெருவுக்கே தெரியும்னு சொல்லு."