கண்மாய்க்குள் தெரிந்த தோப்பு

உத்தமபாளையம் வட்டாரத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் புவியியல் கற்பித்தவன் நான். வரப்புத் தகராறு என்றால் இரு தரப்பாரும் என்னை அழைத்து, என் சொல்லோடு கலைந்து போவது வழக்கம். இங்கே டொராண்டோவில், பேத்தியை அழைத்துவரப் பள்ளிக்குச் சென்றால், 'விசிட்டர்' என்ற சீட்டை மார்பில் ஒட்டிக்கொண்ட பிறகே எனக்குக் கதவு திறக்கிறது.

சென்ற வாரம் அவளுடைய ஆசிரியை, குழந்தைகளின் பூர்வீக ஊர்களை விண்ணிலிருந்து எடுத்த படங்களாக வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார். கம்பம் பள்ளத்தாக்கும் இருந்தது. அதில் அடர்ந்த பச்சைத் திட்டு ஒன்றைக் காட்டி, "அழகான காடு" என்றார். கண்மாய்க்கு வேறு ஆங்கிலச் சொல் கிடைக்காமல், "அது லேக்" என்றேன். தண்ணீரைத் தேடிப் பார்த்தார். பிறகு என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஓய்வுபெறும் ஆண்டில் இதே போன்ற படத்தைத் தேனியில் வண்ண அச்செடுத்து என் வகுப்பில் மாட்டியிருந்தேன். பிள்ளைகள் தங்கள் திராட்சைப் பந்தல்களைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "சார், கண்மாய்க் கரைக்கு உள்ளுக்குள்ள தென்னந்தோப்பு இருக்கு. நம்ம தாளாளர் ஐயா தோப்புல்ல அது?" என் பணிநிறைவு விழாவுக்குத் தலைமை தாங்கவிருந்தவரும் அந்தத் தாளாளரே.

நான் அரசுக்காக நிலம் அளக்கிறேன் என்று நம்பி, மறுநாள் பெற்றோர் திரண்டு வந்தனர். "படமெடுத்துத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பிட்டீகளாமே, சார்? எங் கோழிக்கூடும் தெரியுதா? அதுக்கும் வரி போடுவாகளா?" என்றார் ஒருவர். சிலர் சிரித்தனர். ஓடைப் புறம்போக்கில் பந்தல் போட்டிருந்தவர்கள் சிரிக்கவில்லை.

தாளாளர் என்னை அறைக்கு அழைத்தார்.

"வாத்தியாரய்யா, படம் தப்புன்னு பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. விழாவ ஜாம்ஜாம்னு நடத்திருவோம். மாலைக்கு மதுரையில சொல்லியாச்சு."

"படம் சரி" என்றேன்.

"அப்ப மாலைதான் தப்பு" என்றார், முகம் மாறாமல்.

அன்று முதல் சக ஆசிரியர்கள் என்னோடு தேநீர் அருந்துவதை நிறுத்திக்கொண்டனர். படம் சுவரிலேயே இருந்தது.

டொராண்டோ ஆசிரியை என் கையில் ஒரு குண்டூசியைத் தந்து, "உங்கள் வீடு எங்கே?" என்று கேட்டார். என் வீட்டின் இடம் எனக்குத் தெரிந்தது. ஆயினும் ஊசியைப் பச்சைத் திட்டின் நடுவில், தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் குத்தினேன். என் மார்பில் விசிட்டர் சீட்டு அப்படியே இருந்தது.

விழா நாளன்று நான் எவரிடமும் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். கடைசி நாள் மாலை மணி அடிக்கும்வரை நான் பள்ளியில்தான் இருந்தேன். விழா நடக்கவில்லை.