நெஞ்சை நடுவில் வெட்டிய தவளை

நான் வெட்டிக் கெடுத்த தவளைக்கு, என்னோடு ஆராய்ச்சி செய்த தோழி பழி சுமந்தாள். பேராசிரியர் அவளைத் திட்டியபோது பக்கத்திலேயே நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இந்த முதிய வயதிலும், மெழுகுத் தட்டில் கால் விரித்துக் கிடந்த அந்தத் தவளை கண்முன் வருகிறது.

ஐம்பதுகளின் தொடக்கம். எங்கள் ஆய்வுக்கூட மேசைகளில் துறைமுகத்து நிலக்கரித் தூள் படிந்துகொண்டே இருக்கும். அவள் ராயபுரத்துப் பெண். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் மீன்பிடிக்கும் அவளுடைய மாமா, மணல் தோண்டும்போது அகப்பட்ட உருண்டையான தவளை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பேராசிரியர் அது தேரைக்கு உறவு என்றார். அவள் இல்லை என்றாள். நிரூபித்தால் ஆராய்ச்சியைத் தொடரலாம், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இன்று மரபணுவைப் பார்க்கிறார்கள். அன்று நாங்கள் தவளைகளின் உறவை நெஞ்சில்தான் தேடினோம். இரு தோள்களிலிருந்தும் வரும் குருத்தெலும்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் தேரை வழி. நேருக்கு நேர் ஒட்டியிருந்தால் வேறு வழி. அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்று பொறாமை. அவள் சாப்பிடப் போனதும் கத்தரியை எடுத்தேன். மாணவர்களுக்கு இதயத்தைக் காட்டுவதற்காக நாள்தோறும் நெஞ்சை நடுவில் வெட்டிப் பழகிய கை, அன்றும் நடுவிலேயே போய்விட்டது. பார்க்க வேண்டிய இடமே இரண்டாகிவிட்டது.

"முதல் வருஷப் பிள்ளைங்க வெட்டுற வெட்டு இது" என்றார் பேராசிரியர்.

"நான் வெட்டலை சார்" என்றாள் அவள்.

"பின்னே, தவளையே வெட்டிக்கிச்சா?"

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மேசையைக் காலி செய்யத் தொடங்கிய அன்று வெட்டியது நான்தான் என்று இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இனி மாணவர் வகுப்புக்கு நான் வர வேண்டாம் என்றார். அவளுக்கு மழைக்காலம் வரை தவணை கொடுத்தார். அந்த வகைத் தவளை மழைக்குத்தான் மண்ணைவிட்டு வெளியே வரும். அவள் என்னைப் பார்க்காமலே, "எண்ணூர் ரயில் எப்போன்னு விசாரிச்சு வைங்க" என்றாள்.

மழை தாமதித்தது. பெய்த மறுநாள் காலை கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினோம். வழியில் அவள், "வெட்டினதுகூடப் பரவால்ல. நின்னு பாத்துக்கினு இருந்தீங்க பாரு, அதான்" என்றாள்.

நெட்டுக்குப்பத்தில் முழங்கால் சேற்றில் நான் துழாவுவதைப் பார்த்து அவள் மாமா சிரித்தார். "இன்னா சார், மீன் வாங்க வர்றவன பாத்துகீறேன். தவளைக்கு ரயிலேறி வந்தவன் நீதான். அதோ உன் காலாண்ட கீது பாரு."

உண்மையிலேயே இருந்தது. உப்பிக்கொண்டு, கோபமாக.

அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் அவளே வெட்டினாள், ஓரத்திலிருந்து, தோலை மெல்ல விலக்கி. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் லென்ஸோடு குனிந்தார். இரண்டு குருத்தெலும்புகளும் நேருக்கு நேர் ஒட்டியிருந்தன. அவர் நிமிர்ந்து, "எழுத ஆரம்பிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "விளக்கைக் கீழே வைங்க. சாப்பிடப் போலாம் வாங்க."

வைத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகப் பசித்தது.